முர்னாவின் ‘கடைசி மனிதன்’: அந்த முடிவை ஏற்க முடிகிறதா?

நிழல்திரை · இரவு 10.40

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘டெர் லெட்ஸ்டெ மான்’ படத்தை நேற்று மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். இந்தத் தடவையும் அதே இடத்தில்தான் மனம் முரண்டு பிடித்தது. இங்கே பார்த்தவர்கள் சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1924 டிசம்பர் 23 அன்று பெர்லினில் முதலில் திரையிட்ட மௌனப் படம். ஜெர்மன் தலைப்புக்குக் ‘கடைசி மனிதன்’ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘கடைசிச் சிரிப்பு’ என்று மாற்றிவிட்டார்கள். பெருநகரம் ஒன்றில் அட்லாண்டிக் என்ற பெரிய ஹோட்டல். அதன் வாசலில் விருந்தினர்களை வரவேற்கும் முதியவராக எமில் யான்னிங்ஸ். முழங்காலைத் தாண்டும் கோட்டு, பளபளக்கும் பொத்தான்கள், தோளில் பின்னல் பட்டை. பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து மீசையைச் சீவிக்கொள்வார். அந்தக் கோட்டோடுதான் வீட்டுக்கும் போவார். அவர் குடியிருக்கும் ஏழைக் குடியிருப்பில் எல்லாரும் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். அவரும் ஒரு தளபதி மாதிரி கையை உயர்த்தி ஏற்றுக்கொள்வார்.

ஒரு மழை இரவில் காரின் கூரையிலிருந்து கனமான டிரங்குப் பெட்டியை ஒற்றை ஆளாக இறக்குகிறார். மூச்சு வாங்குகிறது. உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்கிறார். மேலாளர் அந்த நேரம் பார்த்து வந்து, கையேட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போகிறார். மறுநாள் காலை வேலைக்கு வந்தால், சுழல்கதவுக்கு அந்தப் பக்கம் அதே உடுப்பில் வேறொருவன் நிற்கிறான். இவருக்குக் கீழ்த்தளக் கழிப்பறையில் விருந்தினர்களுக்குத் துண்டு நீட்டும் வேலை. அன்று மாலை வீட்டில் கல்யாணம். அந்தக் கோட்டு இல்லாமல் எப்படிப் போய் நிற்பது? அலமாரியிலிருந்து அதைத் திருடிப் போட்டுக்கொண்டு போகிறார். மறுநாளே குட்டு வெளிப்பட்டு, குடியிருப்பு முழுவதும் சிரிக்கிறது. கடைசியில் ஹோட்டலுக்கே திரும்பி, இரவுக் காவலாளியிடம் கோட்டைக் கொடுத்துவிட்டு, இருட்டுக் கழிப்பறையில் சுவரோரமாக ஒடுங்கிவிடுகிறார்.

இங்கே ஒரு எழுத்து அட்டை வருகிறது. மௌனப் படங்களில் காட்சிக்கு நடுவே எழுத்தில் காட்டுவார்களே, அதுதான். படம் முழுவதற்கும் அந்த ஒன்றுதான். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், நிஜ வாழ்க்கையில் இந்த முதியவருக்குச் சாவைத் தவிர எதிர்பார்க்க எதுவும் இல்லை, ஆனால் கதாசிரியர் அவர்மேல் இரக்கப்பட்டு நம்ப முடியாத ஒரு பின்கதையைச் சேர்த்திருக்கிறார் என்ற கருத்தில் அது போகிறது. அப்புறம் பார்த்தால் முதியவர் கோடீஸ்வரர்! ஒரு அமெரிக்கப் பணக்காரர், தன் உயிர் யார் கைகளில் பிரிகிறதோ அவருக்கே சொத்து என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் இறந்தது இந்தக் கழிப்பறையில், நம் முதியவர் கைகளில்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு மனிதனை அங்குலம் அங்குலமாக உடைத்துக் காட்டிவிட்டு, கடைசியில் லாட்டரிச் சீட்டைக் கையில் திணிப்பது எனக்குத் துரோகமாகப் படுகிறது. ஹோட்டல் சாப்பாட்டு அறையில் அவர் வயிறு குலுங்கச் சிரிக்கும்போது என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை. உங்களுக்கு?

மாடிப்படி · இரவு 11.05

எனக்கு அந்த முடிவு பிடிக்கும். அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று மனசார நினைத்தேன். அதுவும், இது நிஜமில்லை என்று அட்டை போட்டுச் சொல்லிவிட்டுத்தானே காட்டுகிறார்கள்? ஏமாற்றுகிறவன் முன்கூட்டியே சொல்லிவிட்டா ஏமாற்றுவான்?

பெர்லின்வாசி · அதிகாலை 3.20

நான் பெர்லினில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இந்தப் படத்தை இங்கே ஒரு சிறிய அரங்கில் பியானோ வாசிப்போடு பார்த்தேன். முடிவைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். முதலில் அந்தக் கோட்டைப் பற்றியும் அந்தக் குடியிருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது விளங்கினால்தான் மனிதன் ஏன் ஒரு உடுப்புக்காக இப்படி உடைந்துபோகிறான் என்பது விளங்கும்.

பெர்லினின் கிழக்கே கோபெனிக் என்ற பகுதி. அங்கே நகரமன்றக் கட்டிட வாசலில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ராணுவக் கேப்டன் உடுப்பில் ஒரு மனிதர். ஆனால் அவர் ஒருநாளும் கேப்டனாக இருந்தவரில்லை. வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, சிறைக்குப் போய் வந்தவர். 1906 அக்டோபர் 16 அன்று பழைய உடுப்புக் கடைகளில் வாங்கிய கேப்டன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, தெருவில் போன படைவீரர்களை நிறுத்தித் தன்னோடு வரச் சொன்னார். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நேரே கோபெனிக் நகரமன்றத்துக்குப் போய், நகரத்தலைவரைக் கைது செய்து, கஜானாப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த உடுப்பைப் பார்த்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் ஆளைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அந்த நாட்டுக்குத்தான் 1918 இல் முதல் உலகப் போரில் தோல்வி வந்தது. மன்னர் போய்விட்டார். ஜெர்மன் ராணுவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் கட்டிப்போட்டது. எத்தனையோ லட்சம் ஆண்கள் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த ஆறாவது வருடம் இந்தப் படம் வருகிறது. யான்னிங்ஸின் கோட்டைக் கழற்றும் காட்சியை அன்றைக்குப் பார்த்தவர்களில் பலருக்கு அது வெறும் ஹோட்டல் உடுப்பாக இருந்திருக்காது.

இனி அந்தக் குடியிருப்பு. இதற்கு இங்கே வாடகைப் படைமுகாம் என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. தெருப் பக்கம் வடிவான முகப்பு, உள்ளே போனால் முற்றம், அதைச் சுற்றி இன்னொரு கட்டிடம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம். 1853 ஆம் ஆண்டுக் கட்டிட விதிப்படி முற்றம் குறைந்தது 5.34 மீட்டர் நீள அகலம் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்பத் தேவைப்பட்ட இடம் அவ்வளவுதான். நான் இங்கே வந்த புதிதில் வெட்டிங் பகுதியில் இப்படி ஒரு பின்முற்ற வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். நாலாம் மாடியில் ஒருவர் இருமினால் எனக்குக் கேட்கும். யார் வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போனது, எல்லாம் முற்றத்துக்குத் தெரியும். படத்தில் அந்தச் செய்தி ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்கு, ஒரு பால்கனியிலிருந்து இன்னொரு பால்கனிக்குப் பாயும் காட்சியை மிகை என்று சிலர் சொல்கிறார்கள். அந்த முற்றத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நிழல்திரை · காலை 7.15

அக்கா, அந்த 5.34 மீட்டர் கணக்கு ஒன்று போதும், இனி அந்தக் காட்சிகளை வேறு மாதிரிதான் பார்ப்பேன். அவர் காலையில் மிடுக்காக இறங்கி வருவதும், இரவில் சுவரைத் தடவிக்கொண்டு திரும்புவதும் அதே முற்றத்தில்தான். எத்தனை பார்வைகளைத் தாண்டிப் போயிருக்க வேண்டும் அந்த மனிதர்!

கோட்டைக் கழற்றும் காட்சியைப் பற்றி ஒன்று. அதில் ஒரு பொத்தான் தெறித்துக் கீழே விழும். யாரும் அதைக் குனிந்து எடுப்பதில்லை. கோட்டை இழக்காத எந்த மனிதனுக்கும் அது ஒரு பொத்தான், தைத்துக்கொள்ளலாம். இங்கே அது விழும்போது எனக்கு நெஞ்சு திக்கென்றது.

கைக்கேமரா · காலை 9.50

ஒளிப்பதிவு உதவியாளராகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சும்மா இருக்க முடியாது.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ன்ட். படத்தின் முதல் ஷாட்டை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் இறங்குகிறது. கம்பிகளின் ஊடாக ஹோட்டல் கூடம் மேலெழுந்து வருகிறது. கதவு திறந்ததும் கேமரா வெளியே வந்து, மனிதர்களைத் தாண்டி, சுழல்கதவை நோக்கி நழுவிப் போகிறது. வெளியே மழை. இதை எடுத்த விதம் இதுதான்: கேமராவோடு ஃப்ராய்ன்ட் ஒரு சைக்கிளில் ஏறி லிஃப்டுக்குள் நின்றார். லிஃப்ட் தரைக்கு வந்ததும் சைக்கிள் அப்படியே கூடத்தின் வழியாக உருண்டது. அவர் நல்ல கனத்த உடம்புக்காரர் வேறு. இன்றைக்கு எங்கள் யூனிட்டில் இந்த ஷாட்டுக்குக் கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல், வயர்லெஸ் ஃபோகஸ், மானிட்டர் முன்னால் நாலு பேர் என்று நிற்போம். அவருக்குச் சைக்கிள் கைப்பிடி போதுமாக இருந்தது.

அடுத்தது கல்யாண இரவின் போதைக் காட்சி. கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு, எடை சமனாக இருக்க மின்கலங்களை முதுகில் கட்டிக்கொண்டு, ஃப்ராய்ன்டே குடித்தவர் மாதிரி தள்ளாடி நடந்து எடுத்திருக்கிறார். இன்னொரு துண்டில் யான்னிங்ஸ் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் கேமராவும் ஒரே சுழலும் மேடையில் இருக்கின்றன. அதனால் அவர் அசையாமல் இருக்க, அறை அவரைச் சுற்றுகிறது. போதை வந்தவனின் தலைக்குள் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி இருக்கும்.

எனக்கு உயிர் அந்தத் துத்தாரி ஷாட்தான். கல்யாணம் முடிந்த இரவில் முற்றத்தில் ஒருவர் துத்தாரி ஊதுகிறார். கேமரா அந்தத் துத்தாரியின் வாயருகில் தொடங்கி, முற்றத்தின் குறுக்கே காற்றில் மிதந்து, மேலே ஜன்னலில் இருக்கும் முதியவரை நோக்கிப் போகிறது. ஒலி போகும் வழியில் கேமரா போகிறது. மௌனப் படத்தில் ஒலியைப் படம் பிடித்திருக்கிறார்கள்! முற்றத்தின் குறுக்கே கம்பி கட்டி, கேமராவைக் கூடையில் வைத்து ஓட விட்டு எடுத்தார்கள். பெர்லின்வாசி அக்கா சொன்ன அந்த நாலாம் மாடி இருமல்தான் இந்த ஷாட்டில் இசையாகியிருக்கிறது.

‘கட்டவிழ்ந்த கேமரா’ என்று இதற்கு அப்போதே பெயர் வந்துவிட்டது. கேமரா அதற்கு முன் நகரவே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. இத்தாலியில் 1914 இலேயே ‘கபிரியா’ படத்தில் தள்ளுவண்டியில் வைத்து நகர்த்தியிருக்கிறார்கள். அங்கே அந்த நகர்வு பிரம்மாண்டமான செட்டைச் சுற்றிக் காட்டியது. முர்னாவின் கேமரா ஒருவரின் உடம்போடு சேர்ந்து நகர்கிறது. அவர் நிமிர்ந்தால் நிமிர்கிறது, குடித்தால் தள்ளாடுகிறது. கோட்டைத் திருடிக்கொண்டு ஓடும்போது திரும்பிப் பார்க்கிறாரே, அப்போது ஹோட்டல் கட்டிடமே சாய்ந்து அவர்மேல் விழ வருகிறது. குற்றவுணர்வுக்கு இதைவிட நேரான படம் எனக்குத் தெரியவில்லை.

செட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராபர்ட் ஹெர்ல்ட், வால்டர் ரோரிக் இருவரும் கலை இயக்கம். ஹோட்டலுக்கு எதிரே தெரியும் தெருவும் அவர்கள் கட்டியதுதான். தூரம் போகப் போகக் கட்டிடங்களைச் சிறிதாக்கிக் கண்ணை நம்ப வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு படத்துக்காக அதே ஸ்டூடியோவுக்கு வந்திருந்த ஓர் ஆங்கில இளைஞர் முர்னா வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பெயர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். தான் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

பழையரீல் · பகல் 12.30

கேமராவைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டீர்கள் தம்பி. எழுதியவரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். கார்ல் மாயர். ‘கேபினட் ஆஃப் டாக்டர் கலிகாரி’ படத்தை ஹான்ஸ் யானோவிட்ஸோடு சேர்ந்து எழுதியவர்.

இந்தப் படத்தில் எழுத்து அட்டை இல்லாதது திடீரென்று வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். 1921 இல் லூப்பு பிக் இயக்கிய ‘ஷெர்பென்’ படத்தை மாயர்தான் எழுதினார். அதிலும் ஒரே ஒரு அட்டை, ‘நான் ஒரு கொலைகாரன்’ என்று. அடுத்து ‘சில்வெஸ்டர்’. மூன்றாவதாக இந்தக் கதையையும் லூப்பு பிக்தான் இயக்குவதாக இருந்தது. இருவருக்கும் ஒத்துவராமல் போய், படம் முர்னா கைக்கு வந்தது. ஆக, வசனமே இல்லாமல் கதை சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் மாயருடையது. அவர் திரைக்கதை எழுதும் முறையே தனி. ஒரு வரியில் ஒரு சொல், இரண்டு சொல். உடைந்த வாக்கியங்கள். படிக்கும்போதே எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரியும்.

இப்போது நிழல்திரையின் கேள்விக்கு வருகிறேன். மூன்று வருடமாக எழுத்தே வேண்டாம் என்று போராடிய ஒருவர், தன் படத்தின் ஒரே அட்டையை எங்கே செலவு செய்கிறார்? கதை முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு. சந்தோஷ முடிவைப் படத்தைத் தயாரித்த உஃபா நிறுவனம் கேட்டது என்றும் யான்னிங்ஸ் கேட்டார் என்றும் இரண்டு பேச்சு உண்டு. யார் கேட்டிருந்தாலும் மாயர் கொடுத்த பதில் அந்த அட்டையில் இருக்கிறது. ‘நீங்கள் கேட்டதைத் தருகிறேன், ஆனால் இது என் கதையில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான் நான் அதைப் படிக்கிறேன்.

மாடிப்படி · பகல் 1.10

ஐயா, அதோடு அந்த நாட்டின் பணக் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். பிறகு ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் என்று புதுப் பணம் கொண்டுவந்தார்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் காகிதமாகிப் போனவர்கள் அரங்கில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஒரே வருடம் கழித்து. அவர்கள் கண்ணெதிரில் ஒரு அமெரிக்கப் பணக்காரரின் சொத்து ஒரு கிழவரின் மடியில் வந்து விழுகிறது. அந்தப் பணக்காரரின் பெயர்கூட மோனன், காதில் பணத்தைக் குறிக்கும் ஆங்கில ‘மணி’ மாதிரியே விழும். டாலர் வந்தால்தான் விடிவு என்று இருந்த காலம் அது. அன்றைக்கு அரங்கில் இருந்தவர்கள் அந்தக் காட்சிக்கு ஏங்கித்தான் இருப்பார்கள்.

தராசு · மாலை 4.45

இத்தனை பேர் கொண்டாடுகிறீர்கள். எனக்கு யான்னிங்ஸின் நடிப்பே கனமாக இருக்கிறது. கோட்டை இழந்த அடுத்த நிமிடம் முதுகு இரண்டாக வளைந்துவிடுகிறது. ஒரே நாளில் இருபது வயது கூடியது போல நடக்கிறார். படம் எடுக்கும்போது அவருக்கு நாற்பது வயதுதான், அது தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இதே யான்னிங்ஸ்தான் 1929 இல் ஆஸ்கர் விருதின் முதல் சிறந்த நடிகர். பேசும்படம் வந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பினார். நாஜி ஆட்சியில் பெரிய நட்சத்திரமாக இருந்து, 1941 இல் ‘ஓம் க்ரூகர்’ போன்ற பிரசாரப் படத்தில் தலைமை வேடம் போட்டார். உடுப்புக்கு அடிமையான மனிதனின் சோகத்தை நடித்துக் காட்டியவர், பிறகு எந்த உடுப்புக்காரர்களுக்கு வணக்கம் வைத்தார் என்று யோசித்தால் எனக்குப் படத்தோடு ஒட்ட முடியவில்லை.

பழையரீல் · மாலை 6.20

நடிப்பைப் பற்றி உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன் தராசு. ஆனால் அந்த வளைந்த முதுகு கேமராவுக்குத் தேவைப்பட்டது. வசனம் இல்லை, அட்டை இல்லை. முதுகுதான் பேச வேண்டும். படத்தில் எத்தனை முறை அவரைப் பின்பக்கமிருந்து காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது சொன்னது உண்மை. மழுப்ப விரும்பவில்லை. ஆனால் ஒரு படத்தை யான்னிங்ஸ் மட்டும் எடுக்கவில்லை. முர்னா ஹாலிவுட் போனார், மாயர் எழுதிய ‘சன்ரைஸ்’ படத்தை 1927 இல் எடுத்தார், 1931 இல் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். வயது 42. தயாரிப்பாளர் எரிக் பொம்மர் யூதர். 1933 இல் உஃபா தன் யூத ஊழியர்களை வெளியேற்றியபோது அவரும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. மாயரும் யூதர். லண்டனில் வறுமையில் இருந்து 1944 இல் இறந்தார்.

அப்புறம் இரவுக் காவலாளி. படத்தில் அந்த முதியவரிடம் கடைசிவரை மனிதராக நடந்துகொள்ளும் ஒரே ஆள். நடித்தவர் கேயோர்க் யோன். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ படத்தில், கொலைகாரனை அவனுடைய சீட்டியை வைத்தே அடையாளம் காணும் பார்வையற்ற பலூன்காரரும் இவர்தான். யூதர் என்பதால் 1933 க்குப் பிறகு சினிமாவில் இடமில்லை. பெர்லினிலிருந்து, போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1941 இல் அங்கேயே இறந்தார். யான்னிங்ஸின் ‘ஓம் க்ரூகர்’ வந்த அதே வருடம்.

தராசு · மாலை 6.50

இது எனக்குத் தெரியாது. அந்த இருவரும் ஒரே சட்டகத்தில் இருக்கும் காட்சியை இனி எப்படிப் பார்ப்பது?

இரவுப்பணி · இரவு 11.55

நான் ஒரு ஹோட்டலில் இரவு வரவேற்பு மேசையில் இருக்கிறேன். இந்த இழையை நேற்றிலிருந்து படித்துவிட்டு, இன்று மதியம்தான் முதல்முறையாகப் படத்தைப் பார்த்தேன்.

சினிமா நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஹோட்டல் வேலை தெரியும். அந்த மேலாளர் கடிதம் கொடுக்கும் காட்சியில் அவர் முதியவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முதியவர் தன் பலத்தைக் காட்டுவதற்காக அங்கேயே ஒரு பெட்டியைத் தூக்கப் போய் விழுகிறார். அப்போதும் அந்த அறையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அது கொடுமைக்காரர்கள் செய்கிற மாதிரி தெரியவில்லை, வேலை நடக்கிறது, அவ்வளவுதான். நான் சேர்ந்த இடம் ஒன்றில், பெயர் வேண்டாம், முப்பது வருடம் வாசலில் நின்ற ஒரு பெரியவரை இப்படித்தான் உள்வேலைக்கு மாற்றினார்கள். ‘நிழலில் உட்காரலாம், உங்களுக்கு நல்லதுதானே’ என்று சொன்னார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். படத்தில் அந்தக் கடிதமும் அப்படித்தான், நீண்ட காலச் சேவையைக் கருதி என்று அன்பாகத்தான் எழுதியிருக்கிறது.

முடிவைப் பற்றி ஒன்று கவனித்தேன், நீங்கள் யாரும் சொல்லவில்லை. பணம் வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போவதே இல்லை. கல்யாணப் பெண் வரவில்லை, மாப்பிள்ளை வரவில்லை, சிரித்த அக்கம்பக்கத்தார் யாரும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் கூட்டிவந்து உட்காரவைப்பது இரவுக் காவலாளியை. கழிப்பறையில் தன் இடத்துக்கு வந்திருக்கும் ஆளைக் கனிவோடு கவனிக்கிறார். வண்டியில் ஏறும்போது ஒரு பிச்சைக்காரரையும் ஏற்றிக்கொள்கிறார். முழுப் பின்கதையும் ஹோட்டலுக்குள்ளேயே நடக்கிறது. அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

கைக்கேமரா · நள்ளிரவு 12.20

நான் இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இதைக் கவனித்ததில்லை. நன்றி சகோதரா.

மாடிப்படி · நள்ளிரவு 12.35

எனக்கு முடிவு பிடிக்கும் என்று முதலில் எழுதினேன். இப்போதும் பிடிக்கும். ஆனால் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தது போய்விட்டது. அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்கிறது.

பெர்லின்வாசி · அதிகாலை 4.05

இரவுப்பணித் தம்பி சொன்னது சரி. இங்கே கல்யாணப் பெண்ணைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: சில பட்டியல்களில் அவளை மகள் என்றும் சிலவற்றில் அண்ணன் தங்கை வழிப் பிள்ளை என்றும் போட்டிருப்பார்கள். எதுவாக இருந்தாலும், தூக்கி வளர்த்தவரை அவமானத்தில் கைவிட்டவள் பின்கதையில் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

பார்க்க விரும்புகிறவர்கள் எந்தப் பிரதி என்று கவனியுங்கள். அந்தக் காலத்தில் இந்தப் படத்துக்கு மூன்று நெகட்டிவ்: ஜெர்மனிக்கு ஒன்று, ஐரோப்பிய ஏற்றுமதிக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் வேறு வேறு டேக்குகள். அமெரிக்கப் பிரதியில் அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். பல வருடமாக எல்லா இடத்திலும் சுற்றியது ஏற்றுமதிப் பிரதிகள்தான். முர்னா அறக்கட்டளை மீட்டெடுத்த ஜெர்மன் பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். 1924 வெளியீட்டுக்கு ஜுசெப்பே பெச்சே அமைத்த இசையை வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். கடிதத்தை அவர் படிக்கும் இடத்தில் கண் கலங்கிச் சொற்கள் மங்கிப்போவது அதில் நன்றாகத் தெரியும்.

நிழல்திரை · இரவு 9.30

அக்கா சொன்ன பிரதியில் நேற்று இரவு நாலாவது தடவை பார்த்தேன். முடிவை ஏற்கிறேனா என்று என்னைக் கேட்டால், இன்னும் தெரியவில்லை. பழையரீல் ஐயா சொன்ன மாதிரி அது மாயரின் கையெழுத்து என்றால் கையெழுத்தை மதிக்கிறேன். ஆனால் என் கேள்வி இப்போது அந்த அட்டைக்கு முந்தைய இரண்டு நிமிடத்துக்கு நகர்ந்துவிட்டது.

ஹோட்டல் இருட்டாக இருக்கிறது. காவலாளியின் டார்ச் வெளிச்சம் வட்டமாகச் சுவரில் ஊர்ந்து வருகிறது. முதியவர் அகப்பட்டுக்கொண்ட திருடனைப் போல ஒடுங்கி நிற்கிறார். கோட்டை நீட்டுகிறார். காவலாளி அதை வாங்கிக்கொள்கிறார். ஏன் எடுத்தாய் என்று கேட்பதாகத் தெரியவில்லை. கழிப்பறைவரை கூடவே போகிறார். நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்த முதியவர்மேல் தன் சொந்தக் கோட்டை எடுத்துப் போர்த்துகிறார். சாதாரணக் கோட்டு, பொத்தான் எதுவும் மின்னவில்லை. ஓரத்தைக் கழுத்தடியில் செருகிவிட்டு, கையை உடனே எடுக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருக்கிறார்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் கேயோர்க் யோன் என்று தெரிந்து பார்த்தது இதுவே முதல் தடவை. அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அட்டை வரும்வரை ஓட விடவில்லை.